மண்ணுக்குள் இறங்கிய நூதனசாலை: மதீனதுஸ் ஸஹ்ராவை முன்வைத்துச் சில குறிப்புகள்

அந்தலூஸ் என்றாலே எங்கட எழுத்தாளர்களுக்கு ஒரு பெருமூச்சு வந்துவிடும். அல்ஹம்ரா, குர்துபாவின் பெரிய பள்ளி, இழந்த பெருமை, கடைசியில் ஒரு துஆ. இதே வரிசையில் எத்தனை கட்டுரைகளைப் படித்துவிட்டோம். அந்தப் பெருமூச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த மண்ணில் 2009இல் திறக்கப்பட்ட ஒரு புதுக் கட்டடத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதைக் கட்டியவர்கள் முஸ்லிம்களல்லர். அதிலே குவிமாடம் இல்லை, மினாரா இல்லை, குதிரைலாட வளைவும் இல்லை. ஆனால் ஓர் இடத்தின் வரலாற்றுக்கு ஒரு கட்டடம் எப்படி மரியாதை செய்யலாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நூதனசாலைகள் உலகத்தில் அதிகமில்லை.

குர்துபாவுக்கு மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்தில், சியர்ரா மொரேனா மலை சமவெளியைத் தொடும் இடத்தில், மதீனதுஸ் ஸஹ்ராவின் இடிபாடுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே, வயல்வெளிப் பக்கமாக, அதன் நூதனசாலை இருக்கிறது. இருக்கிறது என்றாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தரையோடு தரையாகச் சில வெள்ளைச் சுவர்கள், துருப்பிடித்த நிறத்தில் சில தட்டையான கூரைகள், அவ்வளவுதான். படங்களை முதன்முதலில் பார்க்கும்போது ஏதோ வயலுக்கு நீர் பாய்ச்சக் கட்டிய தொட்டிகள் போலத்தான் தோன்றும்.

இயற்கையோடு ஒன்றிய கட்டடம் என்ற சொல் இப்போது மலிந்துபோய்விட்டது. கூரையில் நாலு செடி வைத்தாலும் அந்தப் பெயர், சுவருக்குப் பச்சை நிறம் பூசினாலும் அந்தப் பெயர். மதீனதுஸ் ஸஹ்ரா நூதனசாலையைப் பார்த்தால் விஷயம் வேறொன்று என்று விளங்கும். கட்டடம் தாழ்ந்து போவது எதற்காக? தனக்குப் பதிலாக எதைக் கண்ணில் படவைப்பதற்காக? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தாழ்மை வெறும் பாணி. இங்கே பதில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, மேலே கிடக்கும் அந்த நகரத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தன்னைக் கலீபாவாகப் பிரகடனம் செய்தார். கலீபாவுக்கு ஒரு நகரம் வேண்டுமே. 936இல் வேலை தொடங்கியதாக மரபில் சொல்வார்கள். நீளம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீற்றர், அகலம் அதில் பாதி, மொத்தம் 112 ஹெக்டேயர். இந்தப் பரப்பை மலைச்சரிவில் மூன்று படித்தட்டுகளாக வெட்டினார்கள். மேல்தட்டில் கலீபாவின் வசிப்பிடம். நடுவில் வரவேற்பு மண்டபங்களும் நந்தவனங்களும். கீழ்த்தட்டில் ஜும்ஆப் பள்ளியும் ஊரும். ஆக, மேலே இருந்தவர் தன் நந்தவனத்தையும், அதைத் தாண்டித் தன் பள்ளியையும், ஊரையும், ஆற்றுச் சமவெளியையும் ஒரே பார்வையில் கண்டார். கீழே இருந்தவர்களோ எப்போதும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அந்தலூஸின் அரண்மனைத் தோட்டங்களை ஆராய்ந்த ஃபெயர்சைல்ட் ரகிள்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நிலக்காட்சியும் பார்வையும் அதிகாரமும் அங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை 2000இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

அதாவது மதீனதுஸ் ஸஹ்ராவும் நிலத்தோடு இசைந்த கட்டடம்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சரிவை அவர்கள் அறிந்து பயன்படுத்திய விதம் அபாரமானது. ஆனால் அந்த இசைவில் எசமான் யார் என்பதில் சந்தேகமில்லை. பிற்காலத்தில் அல்மக்கரீ போன்றவர்கள் தொகுத்து வைத்த ஒரு கதை உண்டு. நகரத்துக்கே பெயர் கொடுத்த ஸஹ்ரா என்ற பெண், இந்த வெள்ளை நகரம் கறுத்த மலையின் மடியில் கிடக்கிறதே என்று குறைப்பட்டாளாம். கலீபா மலையையே அகற்றலாமா என்று யோசித்து, பிறகு அதிலிருந்த மரங்களை வெட்டிவிட்டு அத்தியும் வாதுமையும் நடச் சொன்னாராம். வாதுமை பூத்தால் மலை வெளுத்துவிடும் அல்லவா? கதை உண்மையோ பொய்யோ, அரசன் ஒருவன் நிலத்தைப் பார்த்த விதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கட்டடத்துக்குப் பொருந்தும்படி மலையை மாற்று என்பது அவன் கணக்கு.

இன்னொரு சம்பவம் எங்கட மத்ரஸாக்களில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டட வேலையில் மூழ்கிப்போய்க் கலீபா ஜும்ஆவுக்கு வராமல் இருந்தார். காழியும் கதீபுமான முன்திர் இப்னு ஸஈத் அல்பல்லூதி, அவர் வந்த நாளில் குத்பாவில் சூரத்துஷ் ஷுஅராவின் ஆது கூட்டத்தார் பற்றிய வசனங்களை ஓதினார். உயர்ந்த இடங்களிலெல்லாம் வீணாகச் சின்னங்களை எழுப்பிக்கொண்டிருந்தவர்களைக் கண்டிக்கும் வசனங்கள் அவை. கலீபாவுக்குக் கோபம் வந்தது. இனி இவருக்குப் பின்னால் தொழமாட்டேன் என்று சத்தியம் செய்தார் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஆனால் பதவியிலிருந்து நீக்கவில்லை. அந்த மட்டில் அவர் பெரிய மனிதர்தான்.

நகரம் எழுபத்தைந்து வருஷங்கூட ஒழுங்காக வாழவில்லை. 1010ஐ ஒட்டிய உள்நாட்டுக் குழப்பத்தில் கொள்ளையடித்து எரித்தார்கள். பெருமூச்சுக் கட்டுரைகள் இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போய்விடும். எரித்தவர்கள் வெளியாட்கள் அல்லர், கலீபாவின் பதவிக்காக அடிபட்டுக்கொண்ட முஸ்லிம் படைகள்தான். பிறகு பல நூற்றாண்டுகளாகச் சுற்றிலும் உள்ளவர்கள் கல்லுத் தேவைப்பட்டபோதெல்லாம் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். 15ஆம் நூற்றாண்டில் மேலே மலையில் கட்டப்பட்ட சான் ஹெரோனிமோ மடாலயத்துக்கும் இங்கிருந்து கல் போயிற்று. பெயரும் மறந்தது. பழைய குர்துபா என்று சொல்லி, ரோமர் காலத்து ஊர் என்றே ஒரு காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1911இல்தான் ஒழுங்கான அகழ்வு ஆரம்பமாயிற்று. இன்றுவரை தோண்டியிருப்பது மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் புல்லுக்கும் மண்ணுக்கும் கீழே கிடக்கிறது.

இப்படியான இடத்துக்குப் பக்கத்தில் என்ன கட்டுவது? 1999இல் நடந்த போட்டியில் வென்றவர்கள் ஃபுவென்சாந்தா நியெத்தோ, என்ரிக்கே சொபெஹானோ என்ற இரண்டு ஸ்பானியக் கட்டடக் கலைஞர்கள். நிலத்தைப் பார்த்தபோது இங்கே கட்டவே கூடாது என்பதுதான் தங்கள் முதல் உணர்வாக இருந்தது என்று அவர்கள் பின்னர் விளக்கியிருக்கிறார்கள். கட்டாமலும் இருக்க முடியாது. ஆகவே கட்டடக் கலைஞன் வேலையை விட்டுவிட்டு அகழ்வாளன் மாதிரி யோசித்தார்கள். நிலத்தில் ஒரு நீள்சதுரத்தைக் குறித்து, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஏற்கனவே மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு கட்டடத்தைத் தோண்டி எடுப்பது போல, அறை அறையாக உள்ளே இறக்கினார்கள்.

மண்ணுக்குள் என்றவுடன் இருட்டுக் கிடங்கு ஞாபகம் வரும். இங்கே அப்படியில்லை, வெளிச்சம் முற்றங்கள் வழியாக வருகிறது. பிரதான முற்றம் சதுரம், நடுவில் நீர்த்தடாகம். எங்கட பழைய பள்ளிகளில் ஹவுளைச் சுற்றித் திண்ணை ஓடுவது மாதிரி, அதைச் சுற்றி மண்டபமும் நூலகமும் காட்சிக்கூடமும் சிற்றுண்டிச்சாலையும் அமைந்திருக்கின்றன. இன்னொரு முற்றம் நீளமாக, ஆழமாக, செடிகொடிகளோடு இருக்கிறது. அதைச் சுற்றி ஆய்வாளர்களின் வேலையறைகளும் பாதுகாப்புக் கூடங்களும். மூன்றாவது, காட்சிக்கூடத்தின் வெளிப்புற நீட்சி. முற்றங்களில் பரப்பியது சுண்ணக்கல். சுவர்கள் பலகைத் தடம் பதிந்த கொங்கிரீட். கூரை கோர்ட்டன் உருக்கு, அதாவது மேலே படியும் துருவே கவசமாக நின்று உள்ளே அரிக்கவிடாமல் தடுக்கும் ஒருவகை இரும்பு. அதன் நிறம் அந்தப் பகுதி மண்ணின் நிறத்தோடு சேர்ந்துபோகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது முற்றங்கள்தான். அந்தலூஸின் வீட்டுக்கும் அரண்மனைக்கும் உயிராக இருந்ததே நடுமுற்றம். வெளியே பார்த்தால் மொட்டைச் சுவர், உள்ளே வந்தால் நீரும் நிழலும். காலிக் கோட்டைக்குள் பழைய வீடுகளில் இருந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வளைவையும் அரபெழுத்தையும் ஒட்டவைத்து இஸ்லாமியக் கட்டடம் என்று காட்டுவது லேசு. வளைவு ஒன்றுகூட இல்லாமல், உள்ளே திரும்பி வாழும் அந்த முறையை எடுத்து வைத்திருக்கிறார்களே, அதுதான் கஷ்டம். அரண்மனை மண்டபங்களின் கல்லில் செதுக்கிய தவ்ரீக், அதாவது இலை கொடி வேலைப்பாடு, ஆயிரக்கணக்கான துண்டுகளாக உடைந்து கிடைத்தது. அதை ஒட்டிப் பொருத்தும் வேலை பரம்பரை பரம்பரையாக நடக்கிறது. இத்தனை நுணுக்கமான செதுக்கலுக்கு முன்னால் புதுச் சுவரும் அலங்காரம் பண்ணப் போயிருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும். வெறும் கொங்கிரீட் சுவர் வாயை மூடிக்கொண்டு நிற்பதால்தான் உடைந்த கல் பேசுகிறது.

இன்னும் முக்கியமானது, அது நிற்கும் இடம். கலீபாவின் நகரத்தில் அதிகாரம் மேலே, குடிமகன் கீழே. நூதனசாலை கீழே, வயல் மட்டத்தில், அதற்கும் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மேலே இருந்து இடிபாடுகளின் நடுவே நின்று பார்த்தாலும் அப்துர் ரஹ்மான் பார்த்த சமவெளியை இது மறைக்காது. கீழே இருந்து பார்த்தால் மலையும் படித்தட்டுகளும் அப்படியே தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடிமகன் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற அனுபவத்தை இந்த அமைவு இன்றைய பார்வையாளனுக்குக் கொடுக்கிறது. கட்டடக் கலைஞர்கள் முன்திரின் குத்பாவை நினைத்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். உயரத்தில் சின்னம் எழுப்பாத ஒரு கட்டடம் அந்த நகரத்தின் காலடியில் கிடைத்துவிட்டது.

புகழ்ந்தது போதும். உறுத்துகிற விஷயங்களும் இருக்கின்றன. பார்வையாளர் நூதனசாலையில் வாகனத்தை விட்டுவிட்டு, உள்ளே பார்த்து முடித்து, பிறகு பஸ்ஸில் ஏறித்தான் மேலே இடிபாடுகளுக்குப் போக வேண்டும். வாகனங்கள் மேலே போய் நெரிபடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இந்த நகரம் நடந்து ஏறுவதற்காகக் கட்டப்பட்டது. தூதுவர்களைப் படிப்படியாக ஏறவைத்து, வாசல் வாசலாகக் கடக்கவைத்து, கடைசியில் கலீபாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது அதன் நாடகம். அந்த ஏற்றத்தைப் பஸ் ஒரு சில நிமிஷத்தில் விழுங்கிவிடுகிறது. நிலத்தை இவ்வளவு மதித்த கட்டடத்துக்கும் மலைக்கும் நடுவில் உள்ள நிலம், ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகிற ஒன்றாகிப் போனது நட்டம்.

இதைவிடப் பெரிய உறுத்தல் அயலில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பிரதேசத்துக்குள்ளேயே, நகரத்தின் புதையாத பகுதிக்கும் புதைந்த பகுதிக்கும் கிட்டவாக, அனுமதியில்லாமல் கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. அரசாங்கம் ஒரு பக்கம் பல வருஷம் யோசித்து, போட்டி வைத்து, ஒரு கட்டடத்தை மண்ணுக்குள் இறக்குகிறது. மறுபக்கம் வார இறுதி வீடும் நீச்சல் தடாகமும் மண்ணுக்கு மேலே வளர்கின்றன. நூதனசாலையின் தாழ்மை தனிக் கட்டடத்தின் தாழ்மையாகவே நின்றுவிட்டது, அயலுக்குத் தொற்றவில்லை. 2018இல் யுனெஸ்கோ மதீனதுஸ் ஸஹ்ராவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலால் வரைகோடு போட முடியும், கட்டிய வீட்டை இறக்க முடியாது. நல்ல கட்டடக் கலைஞன் ஒருவன் நிலத்தைக் காப்பாற்றிவிடுவான் என்று நம்புகிறவர்கள் இந்த வீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலத்தைக் காப்பது சட்டமும் உள்ளூர்ச் சபையும் அயலவனுமாகச் செய்கிற வேலை.

2010இல் இந்த நூதனசாலைக்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. விருது விழா நடந்த இடம் தோஹாவின் இஸ்லாமியக் கலை நூதனசாலை. இது ஒரு வேடிக்கையான பொருத்தம், ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விக்கு நேரெதிர் விடைகள். தோஹாவைக் கட்டிய ஐ. எம். பெய்க்கு நகரத்துக்குள் இடம் காட்டினார்கள். அவர் மறுத்தார். நாளைக்குப் பக்கத்தில் எந்த உயரக் கட்டடம் எழும்பும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் பயம். கரையிலிருந்து ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளிக் கடலுக்குள் ஒரு செயற்கைத் தீவு கேட்டு வாங்கிக்கொண்டார். கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளி முற்றத்தில் நிற்கும் 13ஆம் நூற்றாண்டு நீர்மண்டபத்தின் வடிவத்தை வைத்து, வெயிலில் பளிச்சென்று நிற்கும் ஒரு கற்கோட்டையை எழுப்பினார். 2008இல் திறந்தபோது அவருக்கு வயது 91.

தோஹாக் கட்டடம் அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தனக்காக ஒரு நிலத்தையே உண்டாக்கிக்கொண்டது, மலையில் வாதுமை நடச் சொன்ன கலீபாவின் வழியில். அங்கே கடலைத் தவிர மதிக்க வேண்டிய பழையது ஒன்றும் அந்த இடத்தில் இருக்கவில்லை என்றும் வாதிடலாம். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. இதில் இன்னொரு முடிச்சு: அந்தலூஸில் 10ஆம் நூற்றாண்டில் வார்த்த வெண்கல மான் ஒன்று குர்துபாவில் இருக்கிறது. அதற்கு உடன்பிறப்புப் போன்ற இன்னொரு மான் 1997இல் லண்டன் ஏலத்தில் விலைபோய், இப்போது தோஹாவில் நிற்கிறது. ஒன்று, தான் நீர் உமிழ்ந்த நந்தவனங்களின் மண்ணுக்குக் கிட்டவே. மற்றது வளைகுடாக் கடலின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், சிறப்பான வெளிச்சத்தில். எந்த மானுக்கு அதிர்ஷ்டம் என்று வாசகர்கள் சொல்லட்டும்.

மண்ணுக்குள் இறங்குவது மட்டும்தான் வழி என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஜப்பானின் நவோஷிமாத் தீவில் ததாவோ அந்தோ 2004இல் கட்டிய சிச்சு நூதனசாலையும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அது இறங்கியது மொனேயின் தாமரைத் தடாக ஓவியங்களுக்கு மேலிருந்து இயற்கை வெளிச்சம் விழவைக்கவும், தீவின் கரையைக் கெடுக்காமல் இருக்கவும். காரணம் வேறு, ஆகவே கட்டடமும் வேறு.

எங்கட நாட்டில் இதே ஆகாகான் விருதின் தலைவர் விருதை 2001இல் பெற்றவர் ஜெஃப்ரி பாவா. தந்தை வழியில் முஸ்லிம் வேர் உள்ளவர் என்று நாம் அடிக்கடி சொல்லிப் பெருமைப்படுவோம், அவருடைய கட்டடங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டோம். கந்தளம ஹோட்டலுக்கு முதலில் அவருக்குக் காட்டிய இடம் சீகிரியாவுக்குக் கிட்ட. பாவா வேண்டாம் என்றார். தள்ளிப் போய், கந்தளமக் குளத்துக்கு மேலே ஒரு பாறைத் தொடரைத் தெரிவுசெய்தார். சீகிரியா அங்கிருந்து தூரத்துக் காட்சியாக மட்டும் தெரியும். பிறகு அந்தப் பாறையை ஒட்டி நீளமாகக் கட்டி, கொடிகள் வந்து மூடிக்கொள்ள விட்டுவிட்டார். அது நூதனசாலை அல்ல, பணக்காரருக்கான ஹோட்டல். அது வருகிறபோது சுற்றாடல் காரணம் சொல்லிப் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. ஆனாலும் நினைவுச்சின்னத்தை விட்டு விலகி நின்று அதற்கு மரியாதை செய்யும் அந்த முடிவு, குர்துபாவில் நியெத்தோவும் சொபெஹானோவும் எடுத்த முடிவுக்குச் சொந்தக்கார முடிவுதான்.

எங்கட ஊர்களில் நூதனசாலை என்ற பேச்சு வந்தால் மேசைக்கு முதலில் வருவது முகப்புப் படம். குவிமாடம் எத்தனை, வளைவு எத்தனை, எந்த நாட்டுப் பளிங்கு என்பதில் கூட்டம் முடிந்துவிடும். எந்த நிலத்தில், எதற்குப் பக்கத்தில், எதை மறைக்காமல் என்ற பேச்சு வருவதேயில்லை. குர்துபாவைப் பார்த்து அப்படியே எடுத்து வைக்கவும் முடியாது. கோர்ட்டன் உருக்கின் துரு வறண்ட காற்றில்தான் கவசமாக நிற்கும், எங்கட கிழக்குக் கரையின் உப்புக் காற்றில் அரித்துக்கொண்டே போகும். கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். அங்கே மண்ணுக்குள் முற்றம் வெட்டினால் மார்கழி மழைக்கு அது ஹவுளாகவே மாறிவிடும். இந்த நிலத்துக்கு உயர்ந்த அத்திவாரமும், சுற்றி ஓடும் திண்ணையும், அகன்ற தாழ்வாரமும், ஏற்கனவே நிற்கும் பழைய வளவின் மரங்களும்தான் பாடம்.

குர்துபா வரைபடத்தில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. நீள்சதுரத்தின் கட்டங்கள் எல்லாம் நிரப்பப்படவில்லை. மேலே மலையில் புதிதாக அகழ்வு நடந்து பொருள்கள் கூடினால், அகழ்குழி ஒன்றைப் பெரிதாக்குவது போல இன்னுமோர் அறையைப் பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம். மலையில் இன்னும் பத்தில் ஒன்பது பங்கு தோண்டாமல் கிடக்கிறது.